நமக்கு முன்னிருந்தோரின் நோன்பு



ரமழான் பிறை தென்பட்டதும் நமது பள்ளிவாசல்களிலும் பெண்கள் வகுப்புகளிலும் அதிகமாக விளக்கப்படுவது ஸூரத்துல் பகராவின் 183ஆவது வசனமாகும். நோன்பு நம்மீது விதியாக்கப்பட்டதை அறிவிக்கும் அவ்வசனம், நமக்கு முன்னிருந்த சமுதாயத்தினர் மீதும் அது விதியாக்கப்பட்டிருந்ததை நினைவூட்டுகிறது. நாம் தக்வா உடையோராக வேண்டும் என்ற நோக்கத்தைச் சொல்லி முடிகிறது. இதன் முதற்பகுதியை ஒரு மாதம் முழுக்கப் பேசுகிறோம். இறுதிப் பகுதியாகிய தக்வாவைப் பற்றியும் பேசுகிறோம். நடுப்பகுதியை மட்டும், முன்னிருந்த வேதக்காரர்களும் நோன்பு நோற்றார்கள் என்று ஒரே வரியில் கடந்து விடுகிறோம். அவர்கள் இன்றும் நோற்கிறார்களா? எப்படி நோற்கிறார்கள்? எதற்காக நோற்கிறார்கள்? இக்கேள்விகளை நாம் கேட்பதில்லை.

எங்கள் பொத்துவிலில் கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகச் சிலவே. முஸ்லிம்களும் இந்துத் தமிழரும் சிங்கள மக்களும் வாழும் ஊர் இது. "கிறிஸ்தவர்" என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருவது அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர்தான். அவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர், எதையாவது பின்பற்றுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. அவரது உடையையும் நடையையும் பார்த்துவிட்டு, ஒரு மார்க்கத்தையே அளந்து விடுகிறோம். வடக்கே கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் போனால், நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே சோறும் மீனும் உண்டு, பரம்பரை பரம்பரையாகத் தங்கள் நோன்பைக் கடைப்பிடித்து வரும் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள்.

வார்டில் கேட்ட ஒரு சொல்

2025ஆம் ஆண்டு ரமழானில் என் உம்மாவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சில நாட்கள் வைத்திருக்க வேண்டி வந்தது. பெண்கள் வார்டு என்பதால் என் மனைவிதான் கூட நின்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயோதிபத் தாய். அவரைப் பார்த்துக்கொள்ள அவருடைய மகள் நின்றார். ஐம்பது வயதைத் தாண்டிய கத்தோலிக்கப் பெண்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் காத்தான்குடியிலுள்ள எங்கள் சொந்தக்காரர் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தது. இறைச்சி போட்ட கஞ்சி. என் மனைவி ஒரு கோப்பையில் ஊற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டியிருக்கிறார்.

"குறை நினைக்காதீங்க தங்கச்சி. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு ஒருசந்தி. இறைச்சியும் சேர்க்க மாட்டன். நாளைக்குத் தந்தா கட்டாயம் குடிப்பன்" என்றாராம் அவர்.

"எந்தச் சந்தி அக்கா?" என்று என் மனைவி கேட்க, இருவரும் சிரித்துவிட்டார்களாம். நமக்குச் சந்தி என்றால் ரோட்டுச் சந்திதானே!

அன்று அந்தப் பெண் மத்தியானம் சோறும் மரக்கறியும் ஒரு வேளை உண்டதோடு சரி. காலையிலும் இரவிலும் பிஸ்கட்டும் தேநீரும்தான். மஃரிப் நேரம் வந்ததும் கீழே போய்ச் சுடுதண்ணீர் எடுத்து வந்து, "பாங்கு சொல்லிட்டுது, முதல்ல தண்ணியக் குடிங்க" என்று என் மனைவிக்கு நினைவூட்டியவரும் அவர்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் நாம் நோற்பதைக் கண்டு அவருக்கு ஆச்சரியம். நோயாளித் தாயைப் பராமரிக்கும் களைப்பிலும் தன் ஒருசந்தியை விடாத அவரைக் கண்டு என் மனைவிக்கு ஆச்சரியம். மறுநாள் சனிக்கிழமை அவர் கேட்டுக் கஞ்சி குடித்தார்.

பெருநாள் கழிந்து எங்கள் பெண்கள் வகுப்பில் இச்செய்தியைச் சொன்னபோது, ஓர் இளம் சகோதரி, "தண்ணி குடிச்சி, தேத்தண்ணி குடிச்சி, சோறும் திண்டா அது என்ன நோன்பு மௌலவி?" என்று கேட்டார். பலர் சிரித்தனர். கேள்வி நியாயமானது. சிரிப்புத்தான் எனக்கு உறுத்தியது. அந்தக் கேள்விக்கு வகுப்பில் சொன்னதையும், பின்னர் நூல்களைப் பார்த்தும் கத்தோலிக்க நண்பர்களிடம் கேட்டும் அறிந்ததையும் சேர்த்து இங்கு எழுதுகிறேன்.

ஒருசந்தியும் சுத்தபோசனமும்

ஒருசந்தி என்பது தமிழ்க் கத்தோலிக்கர் பன்னெடுங்காலமாக வழங்கி வரும் சொல். ஒரு நாளில் ஒரே ஒரு வேளை வயிறார உண்பது அதன் பொருள். இன்றைய கத்தோலிக்கச் சட்டப்படி, அந்த ஒரு வேளையைத் தவிர மற்ற இரு வேளைகளிலும் சிறிதளவு உண்ணலாம். அவ்விரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழு உணவாகக் கூடாது. தண்ணீருக்குத் தடையில்லை. சுத்தபோசனம் என்பது இறைச்சியைத் தவிர்ப்பது. மீனுக்கு விலக்கில்லை.

இந்தச் சட்டத்தின் இன்றைய வடிவம் பாப்பரசர் ஆறாம் பவுல் 1966ஆம் ஆண்டு பெப்ரவரி 17இல் வெளியிட்ட ஆணையிலிருந்து வருகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு அதைச் சிறு மாற்றத்தோடு உறுதிப்படுத்தியது. அதன்படி ஒருசந்தி கட்டாயமான நாட்கள் ஆண்டில் இரண்டே இரண்டு: தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும், பெரிய வெள்ளியும். 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆவது வயது தொடங்கும் வரை உள்ளவர்களுக்கு இது கடமை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் கடமை. அதற்குப் பதிலாக வேறு தவமோ தர்மமோ செய்ய அந்தந்த நாட்டு ஆயர்கள் இடமளிக்கலாம். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சலுகை உண்டு. ஆனால், நம்மிடம் உள்ளது போல் ஹைழுடைய நாட்களில் நோன்பு கூடாது என்ற சட்டமும், விடுபட்டதைக் கழாச் செய்யும் முறையும் அவர்களிடம் இல்லை.

ஆக, அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் நோற்ற ஒருசந்தியை அவர் மீது யாரும் கட்டாயமாக்கவில்லை. பழைய வழக்கத்தைப் பேணி, தானாக விரும்பி நோற்றார். நமது மொழியில் சொன்னால் அது நஃபிலான நோன்பைப் போன்றது.

இன்னொரு சிறிய நோன்பும் அவர்களிடம் உண்டு. பூசையில் நற்கருணை பெறுவதற்கு முன் உணவு உண்ணாதிருப்பது. முற்காலத்தில் முந்திய நள்ளிரவு முதல் தண்ணீரும் குடிக்காமல் இருந்தார்கள். 1953இல் தண்ணீர் அனுமதிக்கப்பட்டது. 1957இல் மூன்று மணித்தியாலமாகவும், 1964இல் ஒரு மணித்தியாலமாகவும் அது குறைக்கப்பட்டது.

நாற்பது நாட்கள்

கிறிஸ்தவரின் பெரிய நோன்புக் காலத்தைத் தவக்காலம் என்பார்கள். பழையவர்கள் தபசு காலம் என்பர். புரொட்டஸ்தாந்து சபையினர் லெந்து காலம் என்பர். ஈஸா (அலை) அவர்கள் மக்களுக்குப் போதிக்கத் தொடங்குமுன் பாலைவனத்தில் நாற்பது நாட்கள் உண்ணாதிருந்ததாகவும், பசித்திருந்த நேரத்தில் ஷைத்தான் வந்து கல்லை ரொட்டியாக்கும்படி தூண்டியதாகவும், அவர்கள் அதற்கு இணங்க மறுத்ததாகவும் அவர்களுடைய சுவிசேஷங்கள் கூறுகின்றன. அந்த நாற்பது நாட்களின் நினைவே தவக்காலம். மூஸா (அலை) அவர்கள் தூர் மலையில் நாற்பது இரவுகள் கழித்ததை ஸூரத்துல் அஃராபில் நாமும் ஓதுகிறோம். இந்த எண்ணிக்கை நமக்கு அந்நியமானதல்ல.

2025இல் திருநீற்றுப் புதன் மார்ச் 5ஆம் திகதி வந்தது. நாம் நோன்பு பிடிக்கத் தொடங்கிய மூன்றே நாட்களில்! ஏப்ரல் 20ஆம் திகதி அவர்களுடைய உயிர்த்த ஞாயிறு. இடையில் எண்ணிப் பார்த்தால் 46 நாட்கள் வரும். ஞாயிற்றுக்கிழமைகள் ஆறையும் கழித்தால் நாற்பது. ஞாயிறு அவர்களுக்கு மகிழ்ச்சியின் நாள், அன்று நோன்பில்லை. நமக்குப் பெருநாள் தினங்களில் நோன்பு ஹராமாக்கப்பட்டிருப்பதை இத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவர்களது ஆண்டுக் கணக்கு சூரியனையும் சந்திரனையும் சேர்த்துப் பார்ப்பது. நமது ரமழான் சந்திரனை மட்டும் பார்த்து ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வது. அதனால் இரு நோன்புகளும் சில ஆண்டுகள் சந்திக்கும். பிறகு பிரிந்து, பல ஆண்டுகள் கழிந்தே மீண்டும் சந்திக்கும். 1990களின் முற்பகுதியில் சந்தித்தன. 2022 முதல் மீண்டும் சந்தித்து வந்துள்ளன.

திருநீற்றுப் புதனன்று குருவானவர் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பல் பூசி, மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புவான் என்பதை நினைவூட்டுகிறார். அந்தச் சாம்பல் முந்திய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ஏந்திய ஓலைகளை எரித்துப் பெறப்படுவது. அதன்பின் வரும் நாட்களில் கல்யாணம், கொண்டாட்டங்களைத் தவிர்ப்பது வழக்கம். வெள்ளிதோறும் சிலுவைப்பாதை என்ற வழிபாடு நடக்கும். மீன் மலிந்த நமது கரையோரத்தில் இறைச்சியை மட்டும் விடுவது பெரிய தியாகமல்ல என்று எண்ணி, நாற்பது நாளும் மச்சம் மாமிசம் இரண்டையும் விடுபவர்கள் உண்டு. சிகரெட்டை, இனிப்பை, சினிமாவை விடுபவர்களும் உண்டு.

தஃப்ஸீரும் வரலாறும்

அரபுக் கல்லூரியில் ஓதும் காலத்தில் இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் தஃப்ஸீரில் ஒரு செய்தியைப் படித்திருக்கிறோம். கிறிஸ்தவர்களுக்கும் ரமழானே விதிக்கப்பட்டிருந்தது. அது கடும் வெப்பத்தில் வந்தபோது, வசதியான காலத்துக்கு மாற்றி, அதற்கு ஈடாக நாட்களைக் கூட்டி ஐம்பதாக்கிக் கொண்டார்கள் என்று முற்கால அறிஞர்கள் சிலர் சொன்னதாக அதில் வருகிறது. இது அந்த அறிஞர்களின் கூற்று. குர்ஆன் வசனம் அல்ல. நமக்கு முன்னிருந்தோர் மீது எத்தனை நாள், எந்த மாதம் விதியாக்கப்பட்டது என்பதை அவ்வசனம் குறிப்பிடவில்லை.

கிறிஸ்தவ வரலாற்று ஏடுகள் சொல்வது வேறு. முதல் நூற்றாண்டுகளில் உயிர்த்த ஞாயிறுக்கு முன் ஓரிரு நாட்களே நோற்றவர்கள் இருந்தனர். நாற்பது நாள் முறை 4ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 325இல் கூடிய நைசியா மாநாட்டின் சட்டமொன்றில் அந்த நாற்பது நாள் குறிப்பிடப்படுகிறது. அதற்கும் முந்தியது வாராந்த நோன்பு. அப்போஸ்தலர் போதனை என்று பெயர் பெற்ற மிகப் பழைய கிரேக்க நூலொன்று, யூதரில் சிலர் திங்களும் வியாழனும் நோற்பதால், நீங்கள் புதனும் வெள்ளியும் நோற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தைச் சொல்கிறது. ஆஷூரா நோன்பில் யூதருக்கு மாறாக ஒன்பதாம் நாளையும் சேர்த்து நோற்கும் நமது சுன்னத் இங்கு நினைவுக்கு வருகிறதல்லவா? அதோடு, அந்தத் திங்களும் வியாழனும்தான் நம் நபி (ஸல்) அவர்கள் விரும்பி நோற்ற நாட்கள்!

அக்காலத்து நோன்பு இன்றைக்குப் போல் இலேசானதாக இருக்கவில்லை. தவக்காலத்தில் மாலை வரை எதுவும் உண்ணாமல், மாலையில் ஒரே வேளை, அதுவும் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராமல் உண்டார்கள். காலம் செல்லச் செல்ல அந்த ஒரு வேளை பிற்பகலுக்கு வந்தது. பிறகு மத்தியானத்துக்கு வந்தது. மத்தியானம் உண்டவருக்கு இரவில் பசிக்குமே என்று சிறு உணவு சேர்ந்தது. பாலும் முட்டையும் பின்னர் அனுமதிக்கப்பட்டன. இப்படிப் படிப்படியாகத் தளர்ந்தே 1966ஆம் ஆண்டின் நிலைக்கு வந்தது. உயிர்த்த ஞாயிறன்று முட்டை முக்கிய இடம் பெற்றதற்கும், நாற்பது நாள் அதை உண்ணாதிருந்த பழக்கத்துக்கும் தொடர்புண்டு.

ஒரே மார்க்கம், பல நோன்புகள்

கிறிஸ்தவர் அனைவரும் ஒரே மாதிரி நோற்பதில்லை. முதல் ஹிஜ்ரத்தில் நமது ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் தந்த ஹபஷா நாட்டை, இன்றைய எத்தியோப்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜஃபர் (ரலி) அவர்கள் நஜாஷி மன்னரிடம் ஸூரத்து மர்யமை ஓதிக் காட்டிய வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்நாட்டின் ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் 55 நாட்கள் நோற்கிறார்கள். ஆண்டு முழுவதும் புதனும் வெள்ளியும் நோற்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் சாதாரண மக்களுக்கே ஆண்டில் 180 நாட்களுக்கு மேல் வரும். அந்நாட்களில் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் இல்லை. பக்தியுடையோர் பிற்பகல் வரை வாயில் எதுவும் வைப்பதில்லை.

அக்கரையில் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் தங்கள் தவக்காலத்தை ஐம்பது நோன்பு என்கிறார்கள். தபரீ தஃப்ஸீரில் வரும் ஐம்பது என்ற எண்ணும் இதுவும் பொருந்துவதைப் பாருங்கள். கீழைத்தேயக் கிறிஸ்தவரின் நடைமுறையை அக்கால அறிஞர்கள் கண்டோ கேட்டோ இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே கேரளத்தவரிடம் மூன்று நோன்பு என்று ஒன்றுண்டு. யூனுஸ் (அலை) அவர்களையும், அவர்களது எச்சரிக்கையைக் கேட்டுத் தவ்பாச் செய்த நினிவே மக்களையும் நினைத்து நோற்பது அது. குறவிலங்காடு என்ற ஊரில் அந்நோன்பின் பெருவிழாவில் கப்பலொன்றின் உருவத்தைத் தூக்கி ஊர்வலம் வருவார்கள். விழாவும் ஊர்வலமும் நமது வழியல்ல. ஆயினும் நாம் துஆக்களில் நினைக்கும் மீன் வயிற்றில் இருந்த அந்த நபியை நினைத்துப் பட்டினி இருக்கும் ஒரு கூட்டம் இவ்வளவு அருகில் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புரொட்டஸ்தாந்து சபைகளின் கதை வேறு. 1522ஆம் ஆண்டு தவக்காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் அச்சகக்காரர் ஒருவரின் வீட்டில் சிலர் வேண்டுமென்றே இறைச்சி உண்டார்கள். அங்கிருந்த ஸ்விங்லி என்ற மதகுரு தாம் உண்ணவில்லை. ஆனால் வேதத்தில் இல்லாத தடையைச் சபை விதிக்க முடியாது என்று அவர்களுக்காக வாதாடினார். அதிலிருந்து அச்சபைகளில் நோன்பு பெரும்பாலும் அவரவர் விருப்பமாயிற்று. இருந்தும் நோன்பு அழிந்து போகவில்லை. மட்டக்களப்புக்கு 1814இல் மெதடிஸ்த மிஷன் வந்தது. நம் சமூகத்தவர் பலரும் படித்த கல்முனை உவெஸ்லி பாடசாலை, அச்சபையைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லியின் பெயரைத் தாங்கியது. அந்த வெஸ்லி புதன், வெள்ளி நோன்புகளை வலியுறுத்தியவர். இன்றும் பெந்தெகொஸ்தே போன்ற சபைகளில் உபவாச ஜெபம் என்று நாள் முழுக்க உண்ணாமல் பிரார்த்திக்கிறார்கள்.

உபவாசம், ஒருசந்தி, நோன்பு என்று சொற்கள் வேறுபடலாம். 1995இல் வெளிவந்த தமிழ்த் திருவிவிலியம் நாம் பயன்படுத்தும் நோன்பு என்ற சொல்லையே பயன்படுத்துகிறது.

மர்யம் (அலை) அவர்களின் நோன்பு

சகோதரிகளே, தண்ணீர் குடித்தால் அது நோன்பா என்ற கேள்விக்கு, குர்ஆனிலிருந்தே ஒரு பதில் உண்டு. ஸூரத்து மர்யமின் 26ஆவது வசனத்தைப் பாருங்கள். பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் தனித்திருந்த மர்யம் (அலை) அவர்களுக்கு, பழத்தை உண்டு, நீரைப் பருகிக் கண்குளிர்ந்திருக்குமாறு சொல்லப்படுகிறது. மனிதர் எவரையேனும் கண்டால், அர்ரஹ்மானுக்காக நோன்பு நேர்ந்திருப்பதாகவும் இன்று எவருடனும் பேச மாட்டேன் என்றும் அறிவிக்குமாறும் கட்டளையிடப்படுகிறது. உண்டு, பருகிய பின்னரும் அங்கே நோன்பு என்ற அதே சொல் வருகிறது. அந்த நோன்பு பேச்சை விட்டு விலகியிருப்பது.

நமது ஷரீஅத்தில் மௌன நோன்பு இல்லை. சுப்ஹ் முதல் மஃரிப் வரை உணவையும் பானத்தையும் தாம்பத்தியத்தையும் நிய்யத்தோடு தவிர்ப்பதே நமக்கு விதியாக்கப்பட்ட நோன்பு. அதில் ஒரு மிடறு தண்ணீருக்கும் இடமில்லை. ஆனால், அல்லாஹ் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒவ்வொரு வழிமுறையை வகுத்தான் என்பதை ஸூரத்துல் மாயிதா சொல்கிறது. நம் ஃபிக்ஹ் நூலின் அளவுகோலைக் கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஒருசந்தியை அளந்து சிரிப்பது முறையல்ல.

எங்கே பிரிகிறோம்?

சிரிக்கக் கூடாது என்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. இதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

அவர்களுடைய வெள்ளிக்கிழமை நோன்பு, ஈஸா (அலை) அவர்கள் வெள்ளியன்று சிலுவையில் அறையப்பட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அன்று தவம் இருப்பதன் மூலம் அந்தத் துன்பத்தில் பங்கு கொள்வதாக அவர்கள் கருதுகிறார்கள். அவர்கள் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை என்று ஸூரத்துன் நிஸா நமக்கு அறிவிக்கிறது. ஆகவே அந்த நோன்பின் கருத்தில் நாம் பங்காளிகளாக முடியாது. நமக்கு வெள்ளி வாரத்தின் சிறந்த நாள். அதை மட்டும் தனித்தெடுத்து நஃபில் நோற்பது விரும்பத்தக்கதல்ல. அதேபோல், நமது நோன்புக்கும் வேதக்காரரின் நோன்புக்கும் இடையிலான வேறுபாடு ஸஹர் உணவு என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஸஹரை விடாமல் உண்ணுங்கள் என்று நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனாலும்தான்.

மறைத்தலும் கொடுத்தலும்

கருத்தில் பிரிந்தாலும், இரண்டு இடங்களில் அவர்களுடைய போதனை நம் உள்ளத்தைத் தொடுகிறது.

முதலாவது, நோன்பை மறைத்தல். நோன்பிருப்பவர் முகத்தை வாட்டமாக்கிக்கொண்டு ஊருக்குக் காட்டக் கூடாது. தலைக்கு எண்ணெய் பூசி, முகம் கழுவி, இறைவன் ஒருவனுக்கு மட்டும் தெரியும்படி நோற்க வேண்டும் என்று ஈஸா (அலை) அவர்கள் போதித்ததாக மத்தேயு சுவிசேஷம் சொல்கிறது. நோன்பு தனக்குரியது, தானே அதற்குக் கூலி வழங்குவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியை நாம் அறிவோம். முகஸ்துதி என்னும் ரியாவிலிருந்து நோன்பைக் காப்பதில் இரண்டு போதனைகளும் அருகருகே நிற்கின்றன.

இரண்டாவது, கொடுத்தல். பட்டினியால் மட்டும் பயனில்லை. பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், ஒடுக்கப்பட்டவனின் கட்டை அவிழ்ப்பதுமே உண்மையான நோன்பு என்ற கருத்து அவர்களுடைய வேதத்தில் ஏசாயா நூலில் வருகிறது. தவக்காலத்தில் உண்ணாமல் விட்ட உணவின் காசை உண்டியலில் சேர்த்து ஏழைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் இதிலிருந்து வந்தது. கத்தோலிக்கரின் கரித்தாஸ் நிறுவனமும் தவக்காலத்தில் நிதி திரட்டுகிறது. அவர்கள் வீட்டில் நோன்பு வந்தால் சமையல் செலவு குறைகிறது. குறைந்த காசு ஏழைக்குப் போகிறது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ரமழான் வந்தால் மளிகைக் கடைக் கொப்பியில் கடன் ஏறுகிறது. அஸர் தொழுத கையோடு அடுப்படிக்குப் போகும் உம்மாவும் மகளும் மஃரிப் வரை சமோசாவும் ரோல்ஸும் பொரிக்கிறார்கள். குர்ஆன் ஓத எடுத்து வைத்த நேரம் எண்ணெய்ச் சட்டியில் போகிறது. நோன்பு திறந்தபின் மிஞ்சியது குப்பைக்குப் போகிறது. பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் சட்டத்தை முழுமையாகக் காப்பாற்றிய நாம், இரவில் இரண்டு நாள் உணவை உண்கிறோம். கத்தோலிக்கரிலும் 1966க்குப் பின் சட்டம் இலேசாகி, பலர் நோன்பையே மறந்துவிட்டார்கள் என்று அவர்களுடைய குருமாரே வருந்துவதுண்டு. ஆளுக்கொரு குறை இருக்கிறது. அவர்களிடம் சட்டம் தளர்ந்தது. நம்மிடம் சட்டம் இருக்க, நோக்கம் தளர்கிறது. 183ஆவது வசனம் தக்வாவில் முடிகிறது என்பதை நாம் மறக்கலாமா?

இது ஏன் இன்று தேவை?

2019 ஏப்ரல் 21ஐ நாம் யாரும் மறக்கவில்லை. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் தவக்காலத்தை முடித்துப் பெருநாள் காலையில் கூடியிருந்த மக்களும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இருந்த சின்னஞ்சிறு பிள்ளைகளும், ஹோட்டல்களில் இருந்தவர்களுமாக 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நம் பெயரைச் சொல்லிக்கொண்டு அதைச் செய்தவர்கள் நம் மார்க்கத்துக்கே பெரும் அநியாயம் செய்தார்கள். நாற்பது நாள் நோற்றுவிட்டுப் பெருநாள் வணக்கத்துக்குப் போனவரைக் கொல்வது எத்தகைய பாவம் என்று, முப்பது நாள் நோற்றுவிட்டுப் பெருநாள் தொழுகைக்குப் போகும் நமக்கு விளங்க வேண்டும்.

அடுத்து இரண்டு வாரங்களில் நமது ரமழான் வந்தது. நம் பெண்கள் பஸ்ஸில் ஏறவும் கடைக்குப் போகவும் அஞ்சிய நாட்கள் அவை. நம்மை யாராவது சரியாக அறிந்துகொள்ள மாட்டார்களா என்று அன்று எவ்வளவு ஏங்கினோம்! அந்த ஏக்கம் உண்மையானால், மற்றவரைச் சரியாக அறிந்துகொள்ளும் கடமை நமக்கும் உண்டு.

நோன்பு மக்களை நெருங்கச் செய்த வரலாறும் இருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், உலகமே முஸ்லிம்களைச் சந்தேகத்தோடு பார்த்த நேரத்தில், பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல், டிசம்பர் 14ஆம் திகதி சமாதானத்துக்காக நோன்பிருக்குமாறு கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார். அது அவ்வாண்டு ரமழானின் இறுதி வெள்ளிக்கிழமை. 2013 செப்டம்பர் 7இல் பாப்பரசர் பிரான்சிஸ், சிரியாவின் சமாதானத்துக்காக ஒரு நாள் நோன்புக்கு அழைத்தார். துன்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் சகோதரர்கள்.

இனி நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கத்தோலிக்கத் தோழியருக்குக் கஞ்சி அனுப்புங்கள். ரமழானும் தவக்காலமும் சேர்ந்து வந்தால், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சேராத கஞ்சியாகப் பார்த்து அனுப்புங்கள். அவர் உண்ண மறுத்தால் மனம் கோணாதீர்கள். நமது பகல் நேரத்தில் அவர் நீட்டும் தேநீரை நாமும் மறுக்கிறோமல்லவா? வேதக்காரரின் உணவு நமக்கும் நமது உணவு அவர்களுக்கும் ஆகுமானது என்று ஸூரத்துல் மாயிதா கூறுகிறது. ஹராமான பொருள் கலக்காத அவர்களுடைய பெருநாள் பலகாரத்தை முகமலர்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள். அவர்களுடைய வணக்கத்தில் கலந்துகொள்ளவோ, சாம்பல் பூசிக்கொள்ளவோ, அந்த நிய்யத்தில் நோற்கவோ நமக்கு அனுமதியில்லை. நம்மோடு போரிடாதவர்களுக்கு நன்மை செய்யவும் நீதி செய்யவும் ஸூரத்துல் மும்தஹினாவில் நமக்கு அனுமதி உண்டு. பாடசாலையில் அவர்களுடைய நோன்பைக் கேலி செய்ய வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகள் நம் அடுப்படியில் கேட்பதைத்தான் வகுப்பில் பேசுகிறார்கள்.

வரும் ரமழானில் ஒரு கொப்பியில் வீட்டுச் செலவை எழுதி வாருங்கள். ஷஃபானை விட எவ்வளவு கூடியது என்று பாருங்கள். கூடிய தொகையில் பாதியையாவது குறைத்து, அதை ஒரு விதவையின் வீட்டுக்கோ அநாதைப் பிள்ளையின் படிப்புக்கோ கொடுக்க நிய்யத் வையுங்கள். ஸகாத்தும் ஃபித்ராவும் கடமை. இது அவற்றுக்கு மேலான ஸதகா.

யாருடைய நோன்பு ஏற்கப்பட்டது, யாருடையது வெறும் பசியும் தாகமுமாகப் போனது என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நமது நோன்புகளை அவன் ஏற்றுக்கொள்வானாக! நம் அயலவர்களோடு நீதியாகவும் கண்ணியமாகவும் வாழும் பாக்கியத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.